பதுளைக் கல்யாணமும் மடுல்சீமைக் கோபமும்

நான் பயந்தாங்கொள்ளி. இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. இல்லாவிட்டால், இந்த அம்மாள் பார்த்ததைவிடப் பயந்ததுதான் அதிகம் என்று படிக்கிறவர்கள் தாமாகவே கண்டுபிடித்துவிடுவார்கள். திருச்சியில் பெரிய கடைவீதியைக் கடக்கவே இரண்டு முறை யோசிக்கிற நான், 1972 ஆவணியில் ஒரு வியாழக்கிழமை நண்பகல், ராமேஸ்வரம் துறையில் தனியாகக் கப்பல் ஏறினேன். கையில் ஒரு தோல்பெட்டி, துணிப்பையில் ஒரு கூறைப்புடவை. என் கணவருக்கு லீவு கிடைக்கவில்லை. "இது வரைக்கும் நான் கொண்டாந்து விட்டாச்சு. இனிமே உன்னைக் கடல் பாத்துக்கும்," என்று சிரித்தார். சிரித்துவிட்டு, டிக்கெட்டைப் பத்திரமாக வைத்திருக்கிறேனா என்று மூன்றாவது தடவையாகக் கேட்டார். அவருக்கும் பயம்தான், வெளியே காட்டிக்கொள்ள மாட்டார்.

போவது தோழி தவமணியின் கல்யாணத்துக்கு. தவமணி இலங்கையில், ஊவா மாகாணத்து மடுல்சீமையில் ஒரு தேயிலைத் தோட்டத்தில் பிறந்தவள். அவள் அப்பா மருதமுத்து அங்கே கங்காணி, கொழுந்து பறிக்கிறவர்களை மேற்பார்வை பார்க்கிறவர். பெண்ணைப் படிக்கவைத்தே தீருவேன் என்று கடல் தாண்டிக் கூட்டிவந்து திருச்சியில் எங்கள் கல்லூரியில் சேர்த்தார். படித்த வருஷம் எல்லாம் அவளுக்கு ஞாயிற்றுக்கிழமைச் சாப்பாடு எங்கள் வீட்டில். இப்போது பதுளையில் ஒரு தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் டீச்சர், தாய்மாமன் அடைக்கலத்தின் வீட்டில் தங்கியிருக்கிறாள். மாப்பிள்ளை விமலதாச சிங்களவர், தெமோதரை ரயில் நிலையத்தில் வேலை. ஞாயிறு காலை இரண்டு முறைப்படியும் கல்யாணம்.

இதில் பயப்பட என்ன இருக்கிறது என்று கேட்பீர்கள். தவமணியின் அப்பா கல்யாணத்துக்கு வரமாட்டேன் என்று சொல்லிவிட்டார். காரணமும் சொல்லவில்லை. மாப்பிள்ளை சிங்களவர் என்பது இப்போது கசக்கிறது போலிருக்கிறது, நீ வந்து சொன்னால் கேட்பார், உன்மேல் அவருக்கு மரியாதை உண்டு என்று அவள் எழுதியிருந்தாள். வேறு சமயமாக இருந்தால் கோபம் ஆறட்டும் என்று விடலாம். ஆனால் இரு நாட்டு ஒப்பந்தப்படி மருதமுத்துவும் அவர் மனைவியும் இந்தியாவுக்குப் போகவேண்டியவர்கள். மாசி மாதம் கப்பல். தவமணி புருஷனோடு அங்கேயே இருந்துவிடுவாள். கல்யாணத்துக்கு வராமலே அப்பா கப்பல் ஏறிவிட்டால், அப்புறம் எந்த ஜன்மத்தில் சமாதானம் ஆவது?

ஆக, என்னை அழைத்தது சாப்பிட அல்ல, தூது போக. கப்பல் கிளம்பியதும் உள்ளே ஒரு மூலையில் உட்கார்ந்து கண்ணை மூடிக்கொண்டேன். ஆவணி மாதக் காற்று, கப்பல் அப்படியும் இப்படியும் ஆடியது. பக்கத்தில் இருந்த செட்டிநாட்டு அம்மாள் எலுமிச்சம்பழம் ஒன்றைக் கையில் திணித்து, "மோந்துக்கிட்டே இரும்மா," என்றார். கடலை நான் பார்க்கவே இல்லை. பழத்தை மோந்தபடி மருதமுத்துவிடம் என்ன பேசுவது என்று மனத்துக்குள் எழுதி எழுதி அழித்தேன். மனிதருக்குள் என்ன சிங்களவர், தமிழர் என்று தொடங்குவதா? பெண்ணின் சந்தோஷம்தானே பெரிது என்று தொடங்குவதா? தலைமன்னாரில் சுங்க அதிகாரி பையைத் திறந்து புடவையைத் தூக்கிப் பார்த்து, "கல்யாணமா?" என்று தமிழில் கேட்டபோதுகூட, "பெண்ணின் சந்தோஷம்தான் பெரிது," என்று வாய்வரைக்கும் வந்துவிட்டது.

வெள்ளி, விடியற்காலை. தலைமன்னாரிலிருந்து இரவெல்லாம் வந்த ரயில் பொல்காவலையில் இறக்கிவிட்டது. கொழும்பிலிருந்து பதுளைக்குப் போகும் ரயிலை அங்கேதான் பிடிக்கவேண்டும். மூன்றாம் வகுப்பில் ஜன்னலோரம் இடம் கிடைத்தது. கண்டிச் சீமை என்று எங்கள் பக்கத்தில் சொல்லக் கேட்டிருக்கிறேன், இவ்வளவு உயரம் என்று ஒருவரும் சொல்லவில்லை. நாவலப்பிட்டி தாண்டியதும் ரயில் மூச்சு வாங்க ஏறியது. ஒரு பக்கம் பாறை, மறுபக்கம் ஒன்றுமே இல்லை. அட்டனில் ஏறிய ஒரு அம்மாள், நான் இந்தியாக்காரி என்று தெரிந்ததும் நெருங்கி உட்கார்ந்துகொண்டார். அவருக்கும் போக உத்தரவு வந்துவிட்டதாம்.

"அங்க வெயிலு ரொம்பங்களா?"

"சித்திரையில ஜாஸ்தி," என்றேன்.

"போர்வையெல்லாம் என்ன செய்யிறது? நாலு கம்பளி இருக்கு."

கொடுத்துவிட்டு வாருங்கள் என்று சொல்ல மனம் வரவில்லை. மார்கழியில் வேண்டியிருக்கும் என்றேன். அவருக்குத் திருப்தி. அப்புத்தளையில் மூட்டையோடு இறங்கிப் பனிக்குள் நடந்து போனார். மத்தியானத்திலேயே கடைகளில் விளக்கு எரிந்தது. எனக்கும் ஒரு போர்வை இருந்தால் தேவலை போலிருந்தது.

தெமோதரையில் ரயில் நின்றதும் வெள்ளைச் சீருடையில் ஒல்லியாக ஒருவர் பெட்டி பெட்டியாக எட்டிப் பார்த்துக்கொண்டு வந்தார். என் கையிலிருந்த, திருச்சிக் கடைப்பெயர் போட்ட துணிப்பையைப் பார்த்ததும் நின்றார்.

"திருச்சி அக்காவா? நான் விமலதாச."

மாப்பிள்ளையே வந்துவிட்டார். தோட்டங்களுக்கு நடுவில் வளர்ந்தவர், தமிழ் சரளமாகவே வந்தது. வேலை முடிந்துவிட்டதாம், என்னோடு ரயிலில் ஏறிக்கொண்டார். வண்டி நிலையத்தை விட்டுக் கிளம்பி மலையை ஒரு சுற்றுச் சுற்றி, ஒரு சுரங்கப் பாதைக்குள் நுழைந்தது. "இப்ப நாங்க நின்ன ஸ்டேஷனுக்கு அடியில போறோம் அக்கா," என்றார் பெருமையாக. தலைக்குமேல் ஒரு ரயில் நிலையமே உட்கார்ந்திருக்கிறது என்று கேட்டதும் நான் தலையைக் குனிந்துகொண்டேன். வெளிச்சம் வந்த பிறகுதான் அவர் முகத்தைச் சரியாகப் பார்த்தேன். தூங்கி நாலு நாள் ஆன முகம்.

"மடுல்சீமை மாமாவுக்கு என்மேல என்ன கோபம்னு தெரியல்ல," என்றார். "பொண்ணு கேட்டு வெத்தில கொண்டு போன நாள் நல்லாப் பேசினார். கூப்பிட்டு உக்காரவைச்சு, பலகாரம் தந்தார். அதுக்குப் பிறகு பேச்சே இல்ல."

பதுளைதான் கடைசி நிலையம், அதற்குமேல் தண்டவாளம் இல்லை. தவமணி நடைமேடையிலேயே கட்டிக்கொண்டு அழுதாள். கல்யாணப் பெண்ணா இவள் என்று இருந்தது. "நாளைக்குப் போறியா?" என்று காதோடு கேட்டாள். வந்து இறங்கிய மூச்சுகூட விடவில்லை. போகிறேன் என்றேன். வேறு என்ன சொல்ல?

சனி, காலை. பதுளையிலிருந்து பசறை வழியாக மடுல்சீமைக்குப் பஸ். கல்யாணத்துக்கு முந்தின நாள் பெண்ணை அனுப்பக்கூடாது என்பதால் நான் மட்டும் போனேன். பசறைவரை சாலை பரவாயில்லை. அதற்குமேல் அதைச் சாலை என்று சொல்வது பெருந்தன்மை. ஒவ்வொரு வளைவிலும் பஸ் பின்னால் போய், முன்னால் வந்து, மறுபடி பின்னால் போய்த் திரும்பியது. பின்னால் போகும்போதெல்லாம் கடைசி இருக்கை பள்ளத்துக்குமேல் நின்றது. அந்தக் கடைசி இருக்கையில்தான் நான். முன்னால் இருந்தவர்கள் வெற்றிலை போட்டுக்கொண்டு கதை பேசினார்கள். நான் சமயபுரத்தாளுக்கு மாவிளக்கு நேர்ந்துகொண்டேன்.

மடுல்சீமையில் இறங்கி இன்னும் இரண்டு மைல் நடை. மலைச்சரிவு முழுக்கத் தேயிலை. நடுவில் நீளமாக ஒரே கூரையின்கீழ் வரிசையாக அறைகள், அதுதான் லயம். கங்காணி என்பதால் மருதமுத்துவுக்கு லயத்தின் ஓரத்தில் இரண்டு அறை. விடியற்காலை பெரட்டு என்கிற ஆள்கணக்கெடுப்புக்குப் போய் ஆட்களை வேலைக்குப் பிரித்துவிட்டவர், மத்தியானம்தான் வந்தார். காலில் அட்டை கடித்த ரத்தம், கையில் தடி. என்னைப் பார்த்ததும் முகம் மலர்ந்துவிட்டது.

"வாம்மா, வா. அப்பா அம்மால்லாம் சொகமா? இந்தா புள்ள, திருச்சிப் பொண்ணு வந்துருக்கு, சாயத்தண்ணி போடு," என்று மனைவியைக் கூப்பிட்டார்.

பால் போடாத தேநீர், ரொட்டி, தேங்காய்ச் சம்பல். சாப்பிட்டு முடிக்கும்வரை ஒன்றும் கேட்கவில்லை. பிறகு, "நாளைக்குக் கல்யாணத்துக்கு வந்துருக்கே," என்றார், வேறு யார் வீட்டுக் கல்யாணமோ போல. கப்பலிலும் ரயிலிலும் தயார் செய்ததைத் தொடங்கினேன்.

"ஐயா, மனுஷருக்குள்ள சிங்களவர், தமிழர்னு..."

"நிப்பாட்டும்மா. யாரு அப்பிடிச் சொன்னா? மாப்புள்ள சிங்களவர்னா எனக்கென்ன? வெத்தல வாங்குனது நான்தானே. தங்கமான புள்ள."

என் சரக்கு அத்தோடு தீர்ந்துவிட்டது. "அப்புறம் என்னங்கய்யா கோவம்?" என்று கேட்டேன்.

தவமணியின் அம்மா அடுப்படியிலிருந்து, "சொல்லுங்களேன். எங்கிட்டயே நாலு நாளு கழிச்சுத்தான் சொன்னீங்க. இந்தப் புள்ளகிட்டயாவது சொல்லித் தொலைங்க," என்றார்.

மருதமுத்து தடியால் தரையைக் கீறிக்கொண்டே சொன்னார். "வெத்தலயோட மாப்புள்ளயும் அவுங்க அம்மாவும் வந்தாங்க. எல்லாம் பேசி முடிஞ்சிச்சு. கெளம்பும்போது அந்தம்மா என்னமோ கேட்டாங்க. மாப்புள்ள தமிழ்ல சொன்னாரு. பொண்ணுக்குத் தாய்மாமன் இருக்காராம்ல, மேடையில அவருதான் தண்ணி ஊத்தணும், வந்துருவாரான்னு கேட்டாங்க. நான் குத்துக்கல்லாட்டம் எதுர்ல உக்காந்துருக்கேன். தகப்பன் செத்தவளுக்குத்தாம்மா மாமன் தாரை வாக்கிறது. நான் என்ன செத்தா போயிட்டேன்?"

தடியைச் சுவரோரம் போட்டுவிட்டு மறுபடி தொடர்ந்தார்.

"நான் இந்தியாவுக்குப் போற ஆளு. இனிமே இருந்தா என்ன, போனா என்னன்னு நெனச்சுட்டாங்க. அடைக்கலம் பதுளையில இருப்பான், அவனையே தகப்பனா வச்சுக்கிடட்டும். நான் எதுக்கு அங்க?" தலைப்பாகையை அவிழ்த்து முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

இதை அவர் மகளிடம் கேட்டிருக்கலாம். மாப்பிள்ளையிடம் கேட்டிருக்கலாம். கேட்டால் ஆமாம் என்று சொல்லிவிடுவார்களோ என்ற பயம். அந்தப் பயம் எனக்கு நன்றாகவே தெரியும். டாக்டரிடம் போனால் வியாதி இருக்கிறது என்று சொல்லிவிடுவாரே என்று போகாமலே இருக்கிறவள் நான். அவர்மேல் எனக்குப் பாசம் பொங்கிவிட்டது. பாசத்தில் வாய் தவறியது.

"நீங்கதான் ஊத்தப்போறீங்க ஐயா. நீங்களேதான். நான் பொறுப்பு."

அவர் நிமிர்ந்து பார்த்தார். "நெசமாத்தான் சொல்றியா?"

"நெசம்தான். காலைல வந்துருங்க."

வருகிறேன் என்றும் சொல்லவில்லை, மாட்டேன் என்றும் சொல்லவில்லை. பார்க்கலாம் என்றார்.

திரும்பி வந்தபோது கடைசி பஸ் போய்விட்டிருந்தது. தோட்டத்துக் கடைக்குச் சாமான் இறக்க வந்த பதுளை முதலாளி மஜீது நானா தம் லாரியில் முன்னால் இடம் கொடுத்தார். எங்கே வந்தீர்கள் என்று கேட்டார், நடந்ததைச் சொன்னேன். அவர் ஸ்டியரிங்கைப் பிடித்தபடியே சிரித்தார்.

"அது அவங்கட வழக்கம் தங்கச்சி. எத்தன சிங்களக் கல்யாணத்துக்குச் சாமான் குடுத்திருக்கிறன். பொண்ணுட வாப்பா பக்கத்தில சொகமா நிப்பாரு. மாமாதான் சுண்டுவிரல் ரெண்டையும் நூலால கட்டித் தண்ணி ஊத்துவாரு. அதுல ஒரு குறையும் இல்ல."

அவர்கள் இவரைச் செத்தவராக நினைக்கவே இல்லை, தங்கள் முறையைத்தான் கேட்டிருக்கிறார்கள். அது புரிந்து சந்தோஷப்படுவதற்குள் இன்னொன்றும் புரிந்துவிட்டது. அவர்களுடைய முறையை மாற்றுகிறேன் என்று, அவர்களைக் கேட்காமலே, கடல் தாண்டி வந்த நான் வாக்குக் கொடுத்துவிட்டேன். கல்யாணத்துக்கு முந்தின சாயங்காலம். வந்த இடத்தில் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்கக்கூடாதா?

"கங்காணியார் வாறதெண்டா காலையில நானே லாரி அனுப்புறன்," என்றார் நானா. வருவாரா என்பதைவிட, வந்தால் என்ன ஆகும் என்பதுதான் இப்போது என் பயம்.

பதுளையில் இறங்கியதும் நேராக மாப்பிள்ளை வீட்டார் தங்கியிருந்த வீட்டுக்குப் போனேன். விமலதாசவின் அம்மா சோமாவதிக்குத் தமிழ் தெரியாது. வெள்ளைச் சேலை கட்டி முறத்தில் வெற்றிலை அடுக்கிக்கொண்டிருந்தார். நான் சொன்னேன், விமலதாச சொல்லச் சொல்ல அவர் கை அப்படியே நின்றுவிட்டது. முறத்தை மெல்லத் தள்ளி வைத்தார். நான் அதற்குள் ராமேஸ்வரம்வரை திரும்பிப் போய்விட்டேன், மனத்தால்தான்.

பிறகு அவர் ஏதோ சொன்னார். விமலதாசவின் கண் கலங்கியிருந்தது. "அம்மா சொல்றாங்க, ஐயோ பாவம், அந்த மனுஷன் இத்தன நாள் இதை நெஞ்சில வைச்சிருந்தாரான்னு. எங்கட ஊர்ல சொல்லுவாங்களாம், தகப்பன் ஊத்தினா கை நடுங்கும், அதுக்குத்தான் மாமான்னு. அவருக்குக் கை நடுங்கினாலும் பரவாயில்ல, அவரே ஊத்தட்டும். நூலை மாமா கட்டட்டும்."

விஷயத்தைச் சொன்னதும் அடைக்கலம் தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். "மச்சான் இருக்கயில நான் எப்பிடி ஊத்துறதுன்னு எனக்கும் ஒரு மாதிரியாத்தான் இருந்துச்சு. கேட்டா சண்டையாயிருமோன்னு பயந்து பேசாம இருந்துட்டேன்," என்றார். இந்தக் கல்யாணத்தில் நான் ஒருத்திதான் பயந்தாங்கொள்ளி என்று அதுவரை எண்ணியிருந்தேன்.

ஞாயிறு, காலை. சிங்களவர்களின் சுபநேரம் நிமிஷக் கணக்கு. பத்து நாற்பத்திரண்டுக்கு மேடையில் ஏறவேண்டும், முன்னே பின்னே கூடாது. மண்டபத்தில் ஒரு பக்கம் நாதஸ்வரக்காரர், மறுபக்கம் தலையில் வெள்ளைத் துணி கட்டிய மேளக்காரர்கள். சமையல்கட்டில் மஜீது நானாவின் ஆட்கள். பத்து மணிக்கு லாரி வரவில்லை. பத்தேகாலுக்கும் வரவில்லை. பசறைப் பக்கம் பனி என்று யாரோ சொன்னார்கள். நான் கொண்டுவந்த கூறைப்புடவையைக் கட்டிக்கொண்டு தவமணி உள்ளறையில் உட்கார்ந்திருந்தாள். என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை, வாசல் பக்கம் திரும்பவும் இல்லை. அவள் கேட்டிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

பத்தரைக்கு வாசலில் லாரிச் சத்தம். முன்னாலிருந்து தவமணியின் அம்மா இறங்கினார். அவருக்குப் பின்னால் மருதமுத்து, கோட்டும் வேட்டியும் தலைப்பாகையுமாக. அடைக்கலம் ஓடிப்போய்க் கையைப் பிடித்து, "வாங்க மச்சான்," என்றார். உள்ளே வந்த மருதமுத்து மகளைப் பார்த்தார். மகள் எழுந்து நின்றாள். அவர் அவள் தலையில் கை வைத்து, உடனே எடுத்துக்கொண்டார்.

மேடையில் அடைக்கலம் இருவரின் சுண்டுவிரலையும் நூலால் சேர்த்துக் கட்டினார். சோமாவதி அம்மாள் மூக்குக் கெண்டியைத் தம் கையாலேயே எடுத்து மருதமுத்துவிடம் நீட்டினார். அவர் வாங்கி ஊற்றத் தொடங்கினார். கை நடுங்கியது, கீழே பிடித்திருந்த தட்டில் பாதி, தரையில் பாதி. இரண்டு சொட்டு விட்டால் போதும், முறை முடிந்துவிடும். அவர் நிறுத்தவில்லை. மேளக்காரர்கள் அடித்து ஓய்ந்து அவரைப் பார்த்தார்கள். விமலதாசவின் சட்டைக் கை நனைந்தது, புதுப்புடவை நனைந்தது. கெண்டியில் கடைசிச் சொட்டு விழும்வரை ஊற்றினார். யாரும் போதும் என்று சொல்லவில்லை. தவமணி குனிந்த தலை நிமிராமல் அழுதுகொண்டிருந்தாள். அப்புறம் நாதஸ்வரம் எழும்ப, விமலதாச நனைந்த கையோடு தாலி கட்டினார். நான் அழுதேனா என்று கேட்காதீர்கள், மூக்கைச் சிந்திச் சிந்திப் புடவைத் தலைப்பு போதவில்லை.

திங்கள், காலை. பதுளை நிலையத்துக்கு எல்லாரும் வந்திருந்தார்கள். தவமணி ஒரு பொட்டலம் தேயிலையும், சோமாவதி அம்மாள் எண்ணெயில் சுட்ட, சிங்களவர்களின் கொண்டைப் பலகாரமும் கொடுத்தார்கள். ரயில் கிளம்பும் நேரத்தில் மருதமுத்து ஜன்னலருகே வந்தார். சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"ஒண்ணு கேக்கணும்மா. கப்பல்ல எந்தப் பக்கம் உக்காந்தா இந்தக் கரை கடைசி வரைக்கும் தெரியும்?"

எனக்குத் தெரியவில்லை. வரும்போது கண்ணை மூடிக்கொண்டு எலுமிச்சம்பழம் மோந்துகொண்டிருந்தவளுக்கு எப்படித் தெரியும்? அதை அவரிடம் சொல்ல வெட்கமாக இருந்தது. பார்த்து எழுதுகிறேன் ஐயா என்றேன். ரயில் நகர்ந்துவிட்டது.

தலைமன்னாரில் கப்பல் ஏறியதும் பழைய மூலை காலியாகத்தான் இருந்தது. நான் அங்கே போகவில்லை. மேல்தளத்துக்கு ஏறி, கம்பியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு முதலில் வலப்பக்கம் நின்று பார்த்தேன், பிறகு இடப்பக்கம். இரண்டு பக்கத்திலும் சீக்கிரமே வெறும் தண்ணீர்தான். பிறகு பின்பக்கம் போனேன். காற்று ஆளைத் தள்ளியது. அதற்காக உள்ளே போய்விடவில்லை. பனைமரங்கள் முதலில் போயின, பிறகு துறை, எல்லாவற்றுக்கும் கடைசியாகக் கலங்கரை விளக்கம். அது மறையும்வரை நின்றேன்.

திருச்சிக்கு வந்து குளிக்கக்கூட இல்லை, மடுல்சீமைக்கு எழுதிப் போட்டேன். ஐயா, கப்பலின் பின்பக்கம் போங்கள். அம்மாவையும் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். காற்று பலமாக இருக்கும், கம்பியைப் பிடித்துக்கொள்ளுங்கள். உட்காராதீர்கள், உட்கார்ந்தால் தெரியாது.